நாலு ஆவர்த்தனம் கழிச்சு ஏதாவது நடக்கணும்

என் லேப்டாப்ல 'ஐடியாஸ்'னு ஒரு ஃபோல்டர் இருக்கு. உள்ள 61 ப்ராஜெக்ட், எல்லாமே 8 பார் லூப், அதாவது நாலு பீட் ஒரு பார்னு எட்டு பார் ஓடி, திரும்பத் திரும்ப வர்ற துண்டு. கிக் (அந்த 'டும்' அடி), கிளாப், ஹைஹேட், கீழ் சத்தத்துல ஒரு பேஸ்லைன், மேல ஒரு சிந்த், சிலதுல நீளமா இழுக்கற ஒரு பேட். ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்ஃபோன் மாட்டிட்டு உக்காந்தா ரெண்டு மணி நேரம் அந்த 8 பாரையே திரும்பத் திரும்ப ஓட விட்டு, கிளாப்ல கொஞ்சம் ரிவெர்ப் ஏத்தி, பேஸ்ல கொஞ்சம் டிஸ்டார்ஷன் போட்டு, செமயா இருக்குன்னு தூங்கப் போவேன். மறுநாள் அதைத் திறந்தா அடுத்து என்ன பண்றதுன்னு தெரியாது, அதனால புதுசா ஒண்ணு ஆரம்பிப்பேன். இப்படியே மூணு வருஷம் போச்சு.

வீட்ல உக்காந்து எலக்ட்ரானிக் மியூசிக் பண்ற நிறைய பேருக்கு இந்தப் பிரச்சனை இருக்கு. சவுண்ட் டிசைன் பத்தி யூட்யூப்ல ஆயிரம் வீடியோ பாத்து கத்துக்கறோம், ஆனா அந்த சவுண்டை ஆறு நிமிஷத்துக்கு எப்படி நடத்திக் கூட்டிட்டுப் போறதுன்னு யாரும் உக்காத்தி வச்சு சொல்லித் தர்றது இல்ல. எனக்கு இப்ப புரியறது என்னன்னா, அந்த 8 பார்ல எல்லாமே ஒரே நேரத்துல ஓடுது, அதாவது பாட்டோட உச்சத்தை முதல்லயே செஞ்சு வச்சிட்டோம். அதுக்கப்புறம் எதைச் சேர்த்தாலும் நெரிசல், எதை எடுத்தாலும் குறையா தெரியும். போதாக்குறைக்கு ரெண்டு மணி நேரம் கேட்டுக் கேட்டு காது அதுக்குப் பழகிப் போயிருக்கும், மாத்தணும்னே தோணாது.

போன வருஷம் ஒரு லூப்பை எப்படியோ இழுத்துப் பிடிச்சு நாலரை நிமிஷ ட்ராக் ஆக்கினேன். ஒரு பேட்ல ஆரம்பிக்கும், மெலடி மெதுவா வரும், 13 பார் முடிஞ்சதும் கிக்கும் பேஸும் சேர்ந்து இறங்கும். ஏன் 13ன்னு கேட்டா, அந்த இடத்துல வரணும்னு எனக்குத் தோணுச்சு, அவ்ளோ தான். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் வாரக் கடைசியில டிஜேவா வாசிக்கிறான், அவன்கிட்ட பென்டிரைவ்ல கொண்டு போய்க் கொடுத்தேன். வேளச்சேரியில அவன் வீட்டு மேல் ரூம்ல ஒரு சின்ன கன்ட்ரோலர், ரெண்டு ஸ்பீக்கர். அவன் வேற ஒரு பாட்டை ஓட விட்டு, ஹெட்ஃபோனை ஒரு காதுல மட்டும் வச்சுக்கிட்டு என்னோடதை உள்ள கொண்டு வரப் பாத்தான். ஒரு தடவை, ரெண்டு தடவை. மூணாவது தடவை ஃபேடரை இறக்கிட்டு என்னைப் பாத்தான்.

"மச்சான், உன் பாட்டுக்குள்ள எங்கடா நுழையுறது?"

"ஏன், 128 தானே, டெம்போ செட் ஆகலையா?"

"டெம்போ எல்லாம் செட் ஆகுது. வாசல் தான் இல்ல."

மறுபடி ஓட விட்டு விரல் விட்டு எண்ணிக் காட்டினான். ஓடிட்டு இருக்கிற பாட்டுல 16 பார் முடிஞ்சதும் பேஸ் போகுது, அந்த இடத்துல தான் என் பேஸ் வந்து உக்காரணும். என்னோடது மூணு பார் முன்னாடியே வந்துடுச்சு. அந்த மூணு பாரும் ரெண்டு பேஸும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி முட்டிக்கிச்சு, ஸ்பீக்கர் உறுமுச்சு, ரெண்டு பாட்டுமே கெட்டுப் போச்சு. "எட்டு எட்டா எண்ணுடா, அந்தக் கணக்குல தான் எல்லாமே நடக்கும்"னான்.

திரும்பி வரும்போது பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து, அவன் அனுப்பிச்ச ஒரு ஹவுஸ் (ஆடறதுக்கான எலக்ட்ரானிக் மியூசிக்ல ஒரு வகை) ட்ராக்கைக் கேட்டுட்டு வந்தேன். எண்ணலாம்னு பாத்தா பத்துப் பதினஞ்சு பார்லயே கணக்கு விட்டுப் போயிடுது. அப்ப எனக்கே தெரியாம கை தொடையில தாளம் போட ஆரம்பிச்சிருக்கு. சின்ன வயசுல கும்பகோணத்துல அஞ்சு வருஷம் மிருதங்கம் கத்துக்கிட்டேன், அதுக்கப்புறம் காலேஜ், வேலைன்னு விட்டுப் போச்சு. ஆனா கை மறக்கல. ஒரு தட்டு, மூணு விரல், தட்டு வீச்சு, தட்டு வீச்சு. ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. ஒரு கிக்குக்கு ஒரு எண்ணிக்கைன்னு வச்சா ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தோட ஒரு முழுச் சுத்து, சரியா ரெண்டு பார். நாலு ஆவர்த்தனம் போனா 8 பார். நாலாவது ஆவர்த்தனம் முடிஞ்சு கை மறுபடி சமத்துல, அதாவது முதல் எண்ணிக்கையில, விழுந்த அதே நொடியில பாட்டுல ஹைஹேட் உள்ள வந்துது. இன்னும் நாலு போச்சு, பேஸ் வந்துது. இன்னும் நாலு, ஒரு கார்டு. அந்த ஆறு நிமிஷப் பாட்டு முழுக்க ஒரு தடவை கூட தவறல. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு, மூணு வருஷமா தேடின விஷயம் பத்து வயசுல கத்துக்கிட்ட கை அசைவுல இருந்திருக்கு.

அன்னைல இருந்து எந்த எலக்ட்ரானிக் பாட்டு கேட்டாலும் தாளம் போட்டுத் தான் கேக்கறேன். மிருதங்கம், பரதம், பாட்டு எதையாவது கொஞ்ச நாள் கத்துக்கிட்டு விட்டவங்க நம்ம ஊர்ல எவ்ளோ பேர் இருக்கீங்க, உங்களுக்கு இது ரொம்ப ஈஸி. நாலு ஆவர்த்தனத்துக்கு ஒரு தடவை சின்னதா ஏதாவது மாறும், எட்டுக்கோ பதினாறுக்கோ ஒரு தடவை பெருசா மாறும். நேரக் கணக்கும் அழகா வரும்: 128 பிபிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 128 பீட்ல, ஒரு பார் 1.875 செகண்ட், 8 பார் 15 செகண்ட், 16 பார் அரை நிமிஷம், 32 பார் சரியா ஒரு நிமிஷம். ஒரு ட்ராக்கோட நேரத்தைப் பாத்தே எந்த இடத்துல என்ன நடக்கும்னு ஓரளவுக்குச் சொல்லிடலாம்.

இந்தக் கட்டம் எங்க இருந்து வந்துதுன்னு தேடிப் படிச்சப்போ தான் என் ஃப்ரெண்ட் சொன்ன 'வாசல்' முழுசா புரிஞ்சுது. 1970கள்ல நியூயார்க்ல டாம் மோல்ட்டன்னு ஒருத்தர், டிஸ்கோ பாட்டுங்க மூணு நிமிஷத்துல முடிஞ்சு போய் ஆடுறவங்க பாதியில நிக்கறாங்களேன்னு பாட்டை நீட்டி மிக்ஸ் பண்ண ஆரம்பிச்சார். நடுவுல மத்த வாத்தியம் எல்லாத்தையும் எடுத்துட்டு ட்ரம்ஸை மட்டும் விடற பிரேக்டவுன் பழக்கம் பரவினதுக்கும், 12 இன்ச் சிங்கிள் ரெக்கார்டு தட்டு வந்ததுக்கும் அவர் பேரைத் தான் சொல்றாங்க. சின்ன தட்டு தீர்ந்து போனதால பெரிய தட்டுல வெட்டிப் பாத்திருக்காங்க, கோடு அகலமா விழ இடம் கிடைச்சதும் சத்தமும் பேஸும் பெருசா வந்திருக்கு. அப்புறம் 1977ல சிகாகோவுல வேர்ஹவுஸ்னு ஒரு க்ளப், அங்க வாசிச்ச ஃப்ராங்கி நக்கிள்ஸ் டேப்பை வெட்டி ஒட்டி, பாட்டுல நல்லா இருக்கிற துண்டை நீட்டி நீட்டி வாசிச்சார். ஹவுஸ் மியூசிக்ங்கற பேரே அந்த வேர்ஹவுஸ்ல இருந்து வந்ததுன்னு தான் சொல்றாங்க. இந்தப் பாட்டோட அமைப்பு முழுக்க டிஜேவோட கைக்கும் ஆடுறவங்க காலுக்கும் ஏத்த மாதிரி உருவானது. ஆரம்பத்துல வெறும் ட்ரம்ஸ் 16 பாரோ 32 பாரோ ஓடறது, போன பாட்டு மேல இதை ஏத்தி வைக்கறதுக்காக. கடைசியில அதே மாதிரி வெறும் ட்ரம்ஸ் ஓடறது அடுத்த பாட்டுக்கு இடம் விடறதுக்காக. நான் அந்த ரெண்டையும் போரிங்னு நினைச்சு வெட்டி எறிஞ்சிருந்தேன்.

ஸ்ட்ரீமிங்ல போடறதுக்கு இந்த நீள இன்ட்ரோ வேண்டாம், அங்க 30 செகண்ட் கேட்டா தான் ஒரு ப்ளே கணக்கு, அதனால எல்லாரும் சீக்கிரமா விஷயத்துக்கு வந்துடறாங்க. ரெண்டு வெர்ஷன் பண்ணிக்கலாம். முதல்ல நீளமானதை செஞ்சுட்டு அதுல இருந்து வெட்டறது தான் எனக்கு வசதியா இருக்கு.

அரேஞ்ச்மென்ட்னா என்னன்னு யாராவது கேட்டா நான் இப்ப முதல்ல ஒரு வீடியோவைத் தான் பாக்கச் சொல்றேன். டாஃப்ட் பங்க்ங்கற ஃப்ரெஞ்சு ஜோடி 1997ல விட்ட 'அரவுண்ட் தி வேர்ல்ட்' பாட்டுக்கு மிஷெல் கோண்ட்ரிங்கற டைரக்டர் எடுத்தது. பாட்டுல வரிங்கறதே அந்த மூணு வார்த்தை தான், ஆல்பம் வெர்ஷன்ல அதை 144 தடவை சொல்றாங்க. ஏழு நிமிஷத்துக்கு மேல ஓடுது, ஆனா அலுக்காது. ஏன் அலுக்கலைன்னு வீடியோவுல கண்ணால பாக்கலாம். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு ஆட்டக் கூட்டம்: ட்ரம் மெஷினுக்கு மம்மிங்க, கிட்டாருக்கு எலும்புக்கூடுங்க, அந்தக் குரலுக்கு ரோபோக்கள், சிந்துக்கு நீச்சல் உடையில பொண்ணுங்க, பேஸுக்கு உயரமான அத்லெட்டுங்க. பேஸ்லைன் மேல ஏறும்போது அந்த அத்லெட்டுங்க படியில ஏறுவாங்க, இறங்கும்போது இறங்குவாங்க. எந்த நேரத்துல எந்தக் கூட்டம் ஆடுது, எது சும்மா நிக்குதுன்னு ஒரு பேப்பர்ல குறிச்சுட்டே பாருங்க. யாரும் புதுசா ஒண்ணும் பெருசா செய்யல, வர்றதும் ஒதுங்கறதும் மட்டும் தான், ஆனா எப்ப ஒதுங்கறாங்கங்கறதுல தான் மொத்த வித்தையும் இருக்கு.

அதைப் பாத்ததுக்கு அப்புறம் வேலை செய்யற முறையையே தலைகீழா மாத்திட்டேன். நான் பாட்டு செய்யற ஏபில்டன் லைவ் சாஃப்ட்வேர்ல, பாட்டு முழுசும் நீளமா தெரியற அரேஞ்ச்மென்ட் வியூல, என் 8 பார் லூப்பை அப்படியே 216 பாருக்கு நகல் எடுத்துப் போட்டேன், எல்லா வாத்தியமும் முழுசா, சுவர் மாதிரி. எஃப்எல் ஸ்டூடியோ வச்சிருக்கறவங்க ப்ளேலிஸ்ட்ல இதையே பண்ணலாம். அப்புறம் அழிக்க ஆரம்பிச்சேன். சிலை செதுக்கறவர் கல்லுல வேண்டாததை எடுக்கற மாதிரி, முதல் 32 பார்ல மெலடி போச்சு, பேஸ் போச்சு, கார்டு போச்சு, கிக்கும் கொஞ்சம் பெர்கஷனும் மட்டும் மிச்சம். சேர்த்துச் சேர்த்துப் போகும்போது ஒவ்வொரு தடவையும் 'அடுத்து என்ன'ன்னு முழிச்சிட்டு இருந்தேன், அழிக்கும்போது அந்தக் கேள்வியே வரல, எது இல்லாம சமாளிக்கலாம்ங்கறது மட்டும் தான் கேள்வி. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல மொத்த உருவமும் கிடைச்சிடுச்சு.

உருவம் முழுக்க என் சொந்தம் இல்ல, அதையும் சொல்லிடறேன். எனக்குப் பிடிச்ச ஒரு ட்ராக்கை அதே ப்ராஜெக்ட்ல மேல ஒரு ஆடியோ ட்ராக்கா போட்டு, டெம்போ சேர்த்து, தாளம் போட்டுக்கிட்டே ஒவ்வொரு மாற்றத்துலயும் ஒரு லொகேட்டர், அதாவது அடையாளக் குறி, வச்சேன். அதுல மெலடியையோ சவுண்டையோ எடுக்கல, எத்தனை பார்ங்கறதை மட்டும் எடுத்தேன். எனக்கு வந்த கணக்கு: இன்ட்ரோ 32, பேஸ் சேர்ந்து ஓடறது 16, பிரேக்டவுன் (இதுல கிக் ஒதுங்கி மெலடி வர்ற இடம்) 16, பில்டப் (தவிப்பை ஏத்தற இடம்) 8, டிராப் (கிக்கும் பேஸும் மொத்தமா விழற இடம்) 32, ரெண்டாவது பிரேக்டவுன் 32, பில்டப் 16, ரெண்டாவது டிராப் 32, அவுட்ரோ 32. மொத்தம் 216 பார், 128ல 6 நிமிஷம் 45 செகண்ட். இது ஒரு கணக்கு தான், எல்லா வகைக்கும் இது பொருந்தாது. டெக்னோவுல இந்த மாதிரி பெரிய பிரேக்டவுன் இல்லாமயே ஒரு ஹைஹேட்டை கொஞ்சம் கொஞ்சமா திறந்து எட்டு நிமிஷம் கட்டிப் போடறாங்க, ட்ரான்ஸ்ல பிரேக்டவுனே ரெண்டு நிமிஷம் போகும். உங்களுக்குப் பிடிச்ச வகையில நாலஞ்சு பாட்டை எடுத்து லொகேட்டர் வச்சுப் பாத்தீங்கன்னா அதோட கணக்கு தானா கைக்கு வந்துடும்.

இப்ப பில்டப்புக்கு வர்றேன், எனக்கு அதிகமா நேரம் எடுத்தது அந்த முதல் 8 பார் தான், ரெண்டு வாரம் அதுலயே கிடந்தேன். ஸ்னேர் ரோல், அதாவது ஸ்னேர் ட்ரம்மை வேகம் கூட்டிட்டே அடிக்கறது, எப்படிப் போடறதுன்னு பாத்தா மறுபடியும் பழைய பாடம். முதல் 4 பார் ஒரு பீட்டுக்கு ஒரு அடி, அடுத்த 2 பார் ஒரு பீட்டுக்கு ரெண்டு, அடுத்த 1 பார் ஒரு பீட்டுக்கு நாலு. ஒண்ணாம் காலம், ரெண்டாம் காலம், மூணாம் காலம். மிருதங்க சார் முன்னாடி உக்காந்து ஒரே பாடத்தை மூணு காலத்துலயும் வாசிச்சது ஞாபகம் வந்துது. மூணாம் காலம் போகும்போது மூச்சு முட்டும், விரல் வலிக்கும், ஆனா சமம் எங்க விழும்னு உடம்புக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தத் தவிப்பு தான் பில்டப். வேகம் கூடிட்டே போகுது, விழற இடம் எல்லாருக்கும் முன்னாடியே தெரியுது, அதனால தான் எல்லாரும் ஒண்ணா காத்திருக்காங்க. தனி ஆவர்த்தனத்துல, அதாவது கச்சேரியில மிருதங்கம் தனியா வாசிக்கற நேரத்துல, கோர்வைங்கற முடிவுக் கட்டை மூணு தடவை வாசிச்சு, பாட்டு தொடங்கற எடுப்புல வந்து விழும்போது சபையில எல்லாரோட கையும் ஒரே நேரத்துல விழுதே, அதே விஷயம் தான்.

எட்டாவது பார் மிச்சம். முதல்ல அந்த பார் முழுக்கவும் ரோலை ஓட விட்டேன், ரைஸர்ங்கற சுருதி ஏறற சத்தம் ஏறிட்டே போய் நேரா டிராப்ல முட்டுச்சு. டிராப் சின்னதா கேட்டுது. என்னடா இது, இவ்ளோ பெரிய கிக், இவ்ளோ பெரிய பேஸ், ஆனா பில்டப்பை விட சின்னதா இருக்கேன்னு கிக்கை ஏத்தினேன், எல்லாம் சேர்ந்து வெளிய போற மாஸ்டர்ல சத்தத்தை அழுத்திப் பெருசாக்கற லிமிட்டரை ஏத்தினேன், ஒண்ணும் நடக்கல. மறுநாள் டிராப்பைத் தொடாம அதுக்கு முன்னாடி இருக்கறதைத் தொட்டேன். பில்டப் ஆரம்பிச்ச உடனே பேஸை எடுத்தேன், ரெண்டு பார் கழிச்சு கிக்கை எடுத்தேன். மிச்சம் இருக்கற எல்லாத்துக்கும் கீழ் சத்தத்தை வெட்டற ஒரு ஹைபாஸ் ஃபில்டர் போட்டு, 8 பாரும் அது வெட்டற இடமான கட்ஆஃப் மெதுவா மேல ஏறற மாதிரி ஆட்டோமேஷன் வரைஞ்சேன். கடைசியில கீழ ஒண்ணுமே இல்ல, மேல இருக்கற சீறல் மட்டும் தான். வால்யூமையும் அந்த 8 பார்ல ஒன்றரை டிபி (டெசிபல்) மெதுவா இறக்கினேன், கேக்கறவங்களுக்கு இறங்கறதே தெரியாது ஏன்னா மத்ததெல்லாம் ஏறிட்டு இருக்கு. ஸ்டீரியோ அகலத்தையும் குறைச்சேன். அப்புறம் கடைசி பாரை முழுசா காலி பண்ணிப் பாத்தேன், கிட்டத்தட்ட ரெண்டு செகண்ட் அமைதி, அது ஜாஸ்தி ஆயிடுச்சு, அந்த இடைவெளியில தவிப்பே ஆறிப் போச்சு. அதனால மூணாம் காலத்தை இன்னும் ரெண்டு பீட்டுக்கு நீட்டி, கடைசி ரெண்டு பீட்டை மட்டும் காலி பண்ணேன். ஒரு செகண்டுக்கும் கொஞ்சம் கம்மி. அதுல ஸ்னேரோட ரிவெர்ப் வால் மட்டும் தொங்கிட்டு இருக்கும், அதையும் டிராப்புக்கு ஒரு மயிரிழை முன்னாடி சுத்தமா வெட்டினேன், ஏன்னா அந்த வால் கிக் மேல படிஞ்சா கிக் மங்கிப் போகும்.

ஸ்பேஸ்பாரைத் தட்டிக் கேட்டேன். கிக் விழுந்தப்போ ஹெட்ஃபோன்லயே நெஞ்சுல இடிச்சுது. கிக்கோட சத்தத்தை நான் ஒரு டிபி கூட ஏத்தல, முந்தின நாள் ஏத்தினதை இறக்கித் தான் வச்சிருந்தேன். அன்னைக்கு ராத்திரி அந்த ரெண்டு பீட்டை எத்தனை தடவை கேட்டேன்னு கணக்கே இல்ல.

ரெண்டாவது டிராப் வேற ஒரு பாடம். முதல் டிராப்பையே நகல் எடுத்து வச்சேன், கேட்டா ஏமாத்தின மாதிரி இருந்துது. ஆறு நிமிஷப் பயணத்துல ரெண்டாவது தடவை அதே இடத்துக்கு வர்றாங்கன்னா ஏதாவது ஒரு புது விஷயம் கைக்குக் கொடுக்கணும். ஒரு ரைட் சிம்பலை (விடாம தட்டிட்டே போற பித்தளைத் தாளத் தட்டு) ஓட விட்டேன், பேஸ்லைன்ல நாலாவது பார் நோட்டை மட்டும் மாத்தினேன், பிரேக்டவுன்ல வந்த மெலடியை ஒரு ஆக்டேவ் மேல தூக்கி வச்சேன். போதுமா இருந்துது. நாலு ஆவர்த்தனத்துக்கு ஒரு தடவை வர்ற சின்ன மாற்றங்களுக்கு நான் ரொம்ப மெனக்கெடறது இல்ல, கடைசி பீட்ல கிக்கை எடுக்கறது, ஒரு கிளாப்பை ரெண்டா அடிக்கறது, முதல் பீட்ல ஒரு க்ராஷ், இவ்ளோ தான். கேக்கறவங்க கவனிக்க மாட்டாங்க, ஆனா எடுத்துட்டா பாட்டு செத்துடும்.

போன மாசம் ஈசிஆர் பக்கம் ஒரு சின்ன பார்ட்டி, நாப்பது அம்பது பேர் இருப்பாங்க, என் ஃப்ரெண்ட் தான் வாசிச்சான். என் ட்ராக்கைப் போடப் போறேன்னு முன்னாடி சொல்லல. பன்னெண்டு மணி இருக்கும், ஓடிட்டு இருந்த பாட்டுக்குள்ள ஒரு கிக் பழகின மாதிரி கேட்டுது, நான் ஓரமா தண்ணி குடிச்சிட்டு இருந்தவன் அப்படியே நின்னுட்டேன். கை தொடைக்குப் போயிடுச்சு. நாலு ஆவர்த்தனம், எட்டு, பன்னெண்டு, பதினாறு, சரியா அந்த சமத்துல அவன் பழைய பேஸை இறக்கினான், என் பேஸ் வந்து உக்காந்துது. முட்டல. பில்டப் வந்தப்போ முன் வரிசையில ஒரு பொண்ணு கண்ணை மூடிட்டு ரெண்டு கையையும் தூக்கி வச்சிட்டு நின்னா, அந்த ரெண்டு பீட் காலி இடத்துல மொத்த பேரும் ஒரு நொடி அசையாம இருந்தாங்க, அப்புறம் கிக் விழுந்துது, அத்தனை காலும் அதே நேரத்துல தரையில விழுந்துது.

ஆறே முக்கால் நிமிஷமும் தாளத்தை விடாம போட்டுட்டு நின்னேன். அவுட்ரோவுல மெலடி போச்சு, பேஸ் போச்சு, கிக்கும் ஹைஹேட்டும் மட்டும் ஓடுது, அதுக்கு மேல வேற ஒரு குரல் மெதுவா ஏறி வருது. ஏதோ ஒரு சமத்துல ஓடிட்டு இருக்கறது என் கிக் இல்லன்னு தெரிஞ்சுது, எப்ப மாறுச்சுன்னு எனக்கே தெரியல. யாரும் ஆடறதை நிறுத்தல. அவன் கன்சோல் பின்னாடி இருந்து தலையைத் தூக்கி என்னைப் பாத்து, வலது கையால காத்துல ஒரு கதவைத் திறந்து மூடற மாதிரி காட்டினான்.